பதினொண்ணு முப்பத்தஞ்சு எம்புட்டு?

பத்து டிப்ஸ் எழுதித் தாருங்கள் என்றுதான் ஹேமா கேட்டாள். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாதாம். எண் போட்டு வரிசையாக எழுத வேண்டுமாம். லேமினேட் பண்ணி சமையல்கட்டில் மாட்டப் போகிறாளாம். ஹேமா எங்கள் முதலாளி துளசிராம் அண்ணனின் மகள். அவருடைய கல்யாணச் சமையல் கான்ட்ராக்டை இப்போது அவள்தான் நடத்துகிறாள். நான் அதே கம்பெனியில் பந்தி சூப்பர்வைசராக இருந்தவன். முழங்கால்கள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ராஜினாமா செய்துவிட்டதால் போன வருஷம் வீட்டோடு வந்துவிட்டேன். பெயர் சேவியர்.

ஹேமாவுக்கு இந்த யோசனை வந்ததற்குக் காரணம் ரசம். திருமங்கலத்தில் ஒரு கல்யாணம். எனக்குப் பிறகு வந்த சூப்பர்வைசர் பையன் ரசம் சூடாக இருக்கிறதா என்று அண்டாவுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறான். சட்டைப் பையிலிருந்த போன் அவனுக்கு முன்னால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டது. கணக்குப் போடும் மெஷின் அதில்தான் இருக்கிறது. மண்டபத்தில் பதினான்கு வரிசை, வரிசைக்கு இருபத்தைந்து இலை. ஒரு பந்திக்கு எத்தனை அப்பளம் பொரிக்க வேண்டும் என்று மாஸ்டர் கேட்கிறார். இவன் ஒவ்வொரு இலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு போனானாம். பாதி தூரம் போவதற்குள் முதல் வரிசை கை கழுவ எழுந்துவிட்டது, அடுத்த ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் யாரிடமோ போன் வாங்கி என்னைக் கூப்பிட்டான். நான் வீட்டில் அயிரை மீன் குழம்போடு போராடிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, பதினாலு வரிசை, இருபத்தஞ்சு இலை, எம்புட்டுண்ணே?"

"முன்னூத்தி அம்பது."

"அண்ணே, கால்குலேட்டர்ல பாத்தீங்களா?"

"பதினாலைப் பாதியாக்குடா, ஏழு. இருபத்தஞ்சை டபுளாக்கு, அம்பது. ஏழம்பது முன்னூத்தி அம்பது."

பையன் யாருக்கும் கேட்காத இடமாகப் பார்த்து நகர்ந்தான். பிறகு ரகசியமாகக் கேட்டான். "அண்ணே, நம்ம இஷ்டத்துக்குப் பாதியாக்கிக்கலாமா? மொதலாளியம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

இந்த உரையாடல்தான் ஹேமாவின் காதுக்குப் போய் டிப்ஸாகத் திரும்பி வந்தது. நானும் நல்ல பிள்ளையாக ஒன்று என்று போட்டு எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது டிப்ஸிலேயே லட்டு வந்துவிட்டது. லட்டு வந்த பிறகு அது ஒரு பக்கத்தில் நிற்கவில்லை. லேமினேட் பண்ணுவதும் பண்ணாததும் இனி ஹேமா பாடு.

பந்தி சூப்பர்வைசர் என்றால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு "சாருக்கு சாம்பார் கொண்டா" என்று கத்துகிறவன் என்று நினைக்கிறார்கள். கத்துவது வேலையில் கால் பங்கு. மீதி முக்கால் பங்கும் பெருக்கல். வரிசையை இலையால் பெருக்க வேண்டும், வந்ததை வடையால் பெருக்க வேண்டும். இதையெல்லாம் நின்ற இடத்தில், கையில் வாளியோடு, காதில் நாதஸ்வரம் ஊதும்போது செய்ய வேண்டும்.

எனக்கு வாய்ப்பாடு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டில் ஜெபம் முடிந்ததும் பதினாறாம் வாய்ப்பாடு. ஆமென் என்ற உடனே ஓர் பதினாறு பதினாறு என்று தொடங்கிவிடும். பல வருஷம் அதுவும் ஜெபத்தின் பாகம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியும் காலேஜ் எனக்குச் சரிப்படவில்லை. துளசிராம் அண்ணனிடம் இலை போடப் போனேன், வாளி தூக்கினேன், சூப்பர்வைசர் ஆனேன். என் பயிற்சிக் காலம் முழுவதும் இந்தப் பத்தியிலேயே முடிந்துவிட்டது.

துளசிராம் அண்ணனைப் பற்றி அப்படிச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. ஒல்லியான மனிதர். கல்யாணச் சமையல் முதலாளி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், தன் சாப்பாட்டைத் தானே சாப்பிடாதவர் போல என்பார்கள். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். பெருக்க வேண்டிய நேரம் வந்தால் இடது கண்ணை மூடிக்கொள்வார். எங்களிடமெல்லாம் மதுரைத் தமிழில் பேசிக்கொண்டிருப்பவர், பெருக்கும்போது மட்டும் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்துக்குப் போய்விடுவார். உதடு மட்டும் அசையும். விடையோடு தமிழுக்குத் திரும்பி வருவார். உள்ளே போய் என்ன செய்தார் என்று எங்களுக்குத் தெரியாது.

அவரிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. எந்தப் பெருக்கலையும் இரண்டு வழியில் போட வேண்டும். பதினெட்டு வரிசை, முப்பத்தைந்து இலை என்றால், நான் அறுநூற்று முப்பது என்று சொன்னதும் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

"எந்த வழியா வந்தே?"

"பதினெட்டைப் பாதியாக்கி ஒம்பது, முப்பத்தஞ்சை டபுளாக்கி எழுபது. ஒம்பது எழுபது அறுநூத்தி முப்பதுண்ணே."

"சரி, போயிட்டு வேற வழியா வா."

"இருபது முப்பத்தஞ்சு எழுநூறு. அதுல ரெண்டு முப்பத்தஞ்சைக் கழிச்சா, எழுபது போக அறுநூத்தி முப்பது."

அப்போதுதான் இடது கண் திறக்கும். "ஒரே வழியில போயிட்டு வர்றவனுக்கு, வழி தப்புனாலும் தெரியாதுப்பா" என்பார். ஒரே வழியை இரண்டு தடவை போட்டுக் காட்டி ஏமாற்ற முடியாது. அதையும் கண்டுபிடித்துவிடுவார்.

தப்பாகப் பெருக்கினால் தண்டனை உண்டு. அதையும் ஒரு வரியில் வைத்திருந்தார். "கூடுனா குடி, குறைஞ்சா ஓடு." சாப்பாடு குறைந்தால் எந்தக் கடை திறந்திருக்கிறதோ அங்கே ஓட வேண்டும். கூடினால் கூடியதைக் குடிக்க வேண்டும். வந்த புதிதில் பதினாறு நாற்பத்தைந்து எண்ணூற்று இருபது என்று சொல்லிவிட்டேன். அப்பா சொல்லிக்கொடுத்த அதே பதினாறு. எட்டுத் தொண்ணூறு எழுநூற்று இருபது என்று இன்னொரு வழியில் போட்டிருந்தால் தெரிந்திருக்கும், அண்ணன் பக்கத்தில் இல்லாததால் போடவில்லை. நூறு பேருக்கான ரசம் மிச்சம். எனக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, டம்ளர் டம்ளராக ஊற்றி வைத்தார். முடிந்தவரை குடித்தேன். பிறகு முடியாதவரையும் குடித்தேன். அவரே மனம் இரங்கி நிறுத்தச் சொன்னார். இன்றைக்கும் யாராவது பதினாறு நாற்பத்தைந்து என்றால் எனக்கு மிளகு ஏப்பம் வருகிறது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை என் பெருக்கல் தப்பியதில்லை. இதைக் கொஞ்சம் கர்வத்தோடுதான் எழுதுகிறேன். எனக்கு இருந்த கர்வமே அது ஒன்றுதான்.

நம் ஊர்க் கல்யாணக்காரர்களுக்கு எண்களோடு ஒரு தனிப் பழக்கம் உண்டு. மொய் எழுதினால் நூற்றியொன்று, ஐநூற்றியொன்று. ஒன்றில் முடிந்தால்தான் வளரும். சாப்பாட்டுக்கு ஆள் சொல்லும்போதும் அந்த ஒன்றை விட மாட்டார்கள். "ஐநூத்தி ஒரு பேருக்குப் போட்டுருங்க" என்பார்கள். அந்த ஒரு பேர் யார் என்று நான் கேட்டதில்லை. பெருக்குகிறவனுக்கு இது வரம். நூற்றியொன்றை முப்பத்தேழால் பெருக்கினால் முப்பத்தேழை இரண்டு தடவை எழுதிவிட வேண்டியதுதான், மூவாயிரத்து எழுநூற்று முப்பத்தேழு. சாமி குத்தமும் இல்லை, மூளைக்கு வேலையும் இல்லை.

அந்த ஒன்றைத் தப்பான பக்கத்தில் வைக்கும்போதுதான் வம்பு. வாடிப்பட்டியில் ஒரு பெண்ணின் தாய்மாமன், எங்களிடம் சொல்லாமல் நேராக மாஸ்டரிடம் போய், "இலைக்கு ரெண்டு வடைங்கிறது ரெட்டப்படையா இருக்கு. ஒண்ணு சேத்து மூணா வைங்க. ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டார். மாஸ்டரும் தூக்கக் கலக்கத்தில் தலையாட்டிவிட்டார். எழுநூற்று ஐம்பது இலை. ஆள் கணக்கில் ஒன்றைச் சேர்த்தால் கூடுவது இரண்டு வடை. இலைக் கணக்கில் ஒன்றைச் சேர்த்தால் கூடுவது எழுநூற்று ஐம்பது வடை. கிரைண்டர் புகைந்தது, மாஸ்டர் அழுதார். தாய்மாமன் மட்டும் கடைசிவரை "ஒண்ணுதானேப்பா சொன்னேன்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இனி லட்டு.

மேலூரில் ஒரு நிச்சயதார்த்தம். பெண் பெயர் பவித்ரா. மாப்பிள்ளையும் அவளும் மேலூரிலிருந்து மதுரைக்கு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்து பழக்கமானவர்கள். இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கியாகிவிட்டது, ஒரே ஒருவரைத் தவிர. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அக்கா, பெயர் இந்திராணி. தன் புருஷன் வழியில் ஒரு பெண்ணை மனதில் வைத்திருந்தவர். அந்த வீட்டில் அவர் பேச்சைத் தாண்டி உப்பு கூட வாங்க மாட்டார்கள். நேராக வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு மனமில்லை. சகுனம் ஏதாவது தானாகத் தப்பாதா என்று காத்திருந்தார்.

பெண்ணின் அப்பா குருசாமி விஷயத்தைச் சமையல்கட்டில் வைத்து என்னிடம் சொன்னார். "அண்ணே, அந்தம்மா ஏதாச்சும் குத்தம் கண்டுபிடிச்சா இன்னைக்கே கலைச்சு விட்டுரும். எம்பொண்ணு ஒடைஞ்சு போயிரும்ணே. சாப்பாட்டுல ஒரு சொல்லு வராமப் பாத்துக்கங்க." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அன்றைக்கு அந்தப் பவித்ராவை என் வீட்டுப் பெண்ணாகவே நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டில் ஒரு சொல்லும் வரவில்லை. வந்தது சீர்த் தட்டில். நிச்சயத்தில் இரண்டு வீட்டாரும் தட்டு மாற்றிக்கொள்வார்கள், பெண் வீட்டு லட்டுத் தட்டுகள் எங்கள் பொறுப்பு. இந்திராணியம்மா முன்கூட்டியே போனில் உத்தரவு போட்டிருந்தார். தட்டும் ஒற்றைப்படை, தட்டில் இருப்பதும் ஒற்றைப்படை, மொத்தமும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும்.

துளசிராம் அண்ணன் சிரித்தார். "ஒத்தையை ஒத்தையால பெருக்குனா ஒத்தைதாம்ப்பா வரும். மூணாவது உத்தரவு அந்தம்மா சும்மாவே போட்டிருக்கு. பதினோரு தட்டு, தட்டுக்கு முப்பத்தஞ்சு. எம்புட்டு?"

"முப்பத்தஞ்சுல மூணையும் அஞ்சையும் பிரிச்சு வச்சு, ரெண்டையும் கூட்டுன எட்டை நடுவுல வச்சா முன்னூத்தி எண்பத்தஞ்சு."

"வேற வழியா வா."

"பத்து முப்பத்தஞ்சு முன்னூத்தி அம்பது. கூட ஒரு முப்பத்தஞ்சு. முன்னூத்தி எண்பத்தஞ்சு."

கண் திறந்தது. நானே என் கையால் அடுக்கினேன். தட்டுக்கு ஐந்து வரிசை, வரிசைக்கு ஏழு லட்டு. கண்ணாடித் தாள் சுற்றி, ரிப்பன் கட்டி மேடையில் வைத்தோம். மாப்பிள்ளையின் அப்பா சௌந்தரம் தட்டுகளுக்குப் பக்கத்தில் பாயில் வந்து உட்கார்ந்து, "நீங்க போங்க தம்பி, நான் பாத்துக்கிறேன்" என்றார். பெரிய மனுஷர், வெள்ளை மீசை. நாங்கள் நிம்மதியாகப் போனோம்.

சபை கூடியது. இந்திராணியம்மா எழுந்து, கண்ணாடித் தாளையெல்லாம் பிரிக்கச் சொன்னார். கையில் ஒரு ஊதுபத்திக் குச்சியை எடுத்துக்கொண்டார். யாரோ "பெருக்கிட்டாப் போதுமே அத்தே" என்றதற்கு, "பெருக்குறதெல்லாம் உங்க ஆபீஸ்ல வச்சுக்கங்க. எண்ணுனாத்தான் எண்ணிக்கை" என்று ஒவ்வொரு லட்டாகக் குச்சியால் சுட்டி எண்ணினார். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முன்னூத்தி எண்பத்தி நாலு."

குச்சியைக் கீழே வைத்தார். "ரெட்டப்படை. நான் என்ன சொல்றது? ஆண்டவனே சொல்லிட்டான். இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

குருசாமி சுவரைப் பிடித்துக்கொண்டார். பவித்ரா தலை நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தாள், மாப்பிள்ளை அப்பாவைப் பார்த்தார், அப்பா விட்டத்தைப் பார்த்தார்.

துளசிராம் அண்ணன் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "ரெண்டு வழியிலயும் வந்துச்சுல்ல?"

"வந்துச்சுண்ணே. ஒத்தையை ஒத்தையால பெருக்கி ரெட்டை வராதுண்ணே."

"அப்ப இது கணக்குல போகலை. வாயில போயிருக்கு. யாரு வாயின்னு பாரு."

தேடவே வேண்டியிருக்கவில்லை. சௌந்தரத்தின் வெள்ளை மீசையில் மஞ்சளாக ஒரு பூந்தி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் குனிந்து காதோடு சொன்னேன். "அய்யா, மீசையில ஒரு பூந்தி இருக்கு."

நாக்கை நீட்டி அதையும் உள்ளே இழுத்துக்கொண்டார். "தம்பி, எனக்குச் சுகரு. எம்பொண்டாட்டி தனம், காப்பியில கூட ஒரு பொட்டுச் சீனி போட விடமாட்டா. ரிப்பனை லேசா இளக்கி ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன். இம்புட்டு லட்டுக்குப் பக்கத்துல என்னைத் தனியா விட்டது உங்க தப்பு."

"அய்யா, நிச்சயமே நின்னுரும் போலிருக்கு."

அவர் முகம் வாடிவிட்டது. "அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு தம்பி. நானே எந்திரிச்சு ஒத்துக்கிறவா?" என்று பாதி எழுந்தார். பெண்கள் பக்கத்தில் தனம்மாள் மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சௌந்தரம் உட்கார்ந்துவிட்டார். "வேணாம். தனத்தைக் கூடச் சமாளிச்சுருவேன். சபை ஏத்துக்கிறதுக்கு முன்னாடியே சீர்ல வாய் வச்சாச்சுன்னு தெரிஞ்சா, எங்கக்கா இப்பவே வேனைக் கூப்புட்டுருவா."

சமையல்கட்டில் லட்டு ஒரு டின் நிறைய இருந்தது. ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் முடிந்தது. ஆனால் அதைக் கேட்டதுமே இந்திராணியம்மா கையை உயர்த்திவிட்டார். சபைக்கு வந்த சீரில் வெளியிலிருந்து சேர்க்கக் கூடாதாம். சேர்த்தால் குறையை மறைத்த பாவமாம். மேடைப் படியில் இரண்டு மருமகன்களைக் காவலுக்கும் நிறுத்தினார். துளசிராம் அண்ணனிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் இடது கண்ணை மூடினார். பிறகு வலது கண்ணையும் மூடினார். அதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"கூட்ட முடியாதா? அப்பக் கழி. இன்னொண்ணு உள்ள போயிருச்சுன்னா முன்னூத்தி எண்பத்தி மூணு. ஒத்தை."

"யாரு திங்கிறதுண்ணே?"

"பழக்கப்பட்ட ஆளு இருக்காருல்ல."

அவரே மேடைக்குப் போய்க் கும்பிட்டார். "அக்கா, ஒரு தடவை எண்ணுனதை வச்சு ஒரு பொண்ணு வாழ்க்கையைத் தள்ளிப் போட வேணாம். இன்னொரு தடவை எண்ணிருங்க" என்றார். எண்ணுவதில் அந்தம்மாவுக்கும் ஆசைதான், குச்சியை எடுத்தார். "அதுக்கு முன்னாடி, அக்கா, குத்துவிளக்குல ஒரு முகம் மங்குற மாதிரி இருக்கே" என்றார் அண்ணன். இந்திராணியம்மா பதறிக்கொண்டு விளக்குப் பக்கம் திரும்பினார். சபையும் திரும்பியது. நான் தாம்பூலத் தட்டைத் தூக்கிப் பிடித்து மறைத்து நின்றுகொண்டு, "ஒண்ணே ஒண்ணு அய்யா" என்றேன்.

எண்ணிக்கை நடந்தது. முன்னூற்று எண்பதைத் தாண்டும்போது நான் மாதாவை வேண்டிக்கொண்டிருந்தேன்.

"முன்னூத்தி எண்பத்தி ரெண்டு!"

சௌந்தரத்தைப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்காமல் கண்ணால் மன்னிப்புக் கேட்டார். பிறகுதான் தெரிந்தது, ஒன்றைத்தான் எடுத்திருக்கிறார், பாகில் ஒட்டிக்கொண்டு பக்கத்து லட்டும் கூடவே வந்துவிட்டது. திருப்பி வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று இரண்டையும் போட்டுக்கொண்டார். பொறுப்பான மனுஷர்.

இந்திராணியம்மா குச்சியைப் பார்த்தார், லட்டைப் பார்த்தார். "முன்ன நாலு வந்துச்சு, இப்ப ரெண்டு வருது. லட்டு என்ன, கரையுதா?"

மாப்பிள்ளை முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பவித்ராவின் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "மூணாவது தடவை எண்ணுங்க அத்தே, மூணுதான் ஒத்தப்படை" என்று கூட்டத்தில் எந்தப் புண்ணியவானோ சொன்னார். அந்த வாதம் இந்திராணியம்மாவுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் இந்தத் தடவை பார்வையைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை.

துளசிராம் அண்ணன் நாதஸ்வரக்காரர்களைப் பார்த்து விரலை உயர்த்தினார். கெட்டிமேளம் பிளந்துகொண்டு கிளம்பியது. யாருக்கும் தாலி கட்டவில்லை, நிச்சயப் பத்திரிகையும் வாசிக்கவில்லை. ஆனால் கெட்டிமேளம் கேட்டால் நம் ஜனங்களுக்குக் கை தானாக உயர்ந்துவிடும். இருநூறு பேரும் அட்சதையை அள்ளி வீசினார்கள். பாதி இந்திராணியம்மா தலையில் விழுந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு "எவன்டா அது, இப்ப எதுக்குடா மேளம்?" என்று கேட்டு முடிப்பதற்குள், ஒன்று, இந்த முறை சத்தியமாக ஒன்றே ஒன்று, உள்ளே போய்விட்டது.

அரிசியைத் தட்டிவிட்டு எண்ணினார்.

"முன்னூத்தி எண்பத்தி ஒண்ணு."

ஒற்றைப்படை. அதுவும் ஒன்றில் முடிகிறது, மொய் மாதிரி. அந்தம்மா முகம் மாறுவதைப் பார்த்தேன். குற்றம் தேடி வந்தவர்தான், ஆனால் எண்ணுக்குத் துரோகம் செய்கிறவர் இல்லை. இருந்தாலும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. குச்சியால் என்னைச் சுட்டினார்.

"நீதானப்பா அடுக்குனே? பதினோரு தட்டு, முப்பத்தஞ்சு முப்பத்தஞ்சா வச்சேன்னு சொன்னாங்க. எம்புட்டு வருது? உள்ளதைச் சொல்லு."

முன்னூற்று எண்பத்தைந்து என்று சொன்னால், மீதி நாலு எங்கே என்று தேடுவார்கள். தேடினால் மீசையில் போய் முடியும். நிச்சயம் நின்றுவிடும். குருசாமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ரசத்துக்குப் பிறகு ஒரு தடவை கூடத் தப்பாத வாய் இது.

"முன்னூத்தி எண்பத்தி ஒண்ணும்மா."

"பதினொண்ணு முப்பத்தஞ்சா?"

"ஆமாம்மா. பதினொண்ணு முப்பத்தஞ்சு முன்னூத்தி எண்பத்தி ஒண்ணு."

நடு வரிசையில் ஒருவர் விருட்டென்று எழுந்தார். பார்த்ததும் தெரிந்தது, கணக்கு வாத்தியார். "என்னது?" என்று ஆரம்பித்தவரை அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அந்த அம்மாள் நல்லா இருக்கணும். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எங்கள் இலை போடுகிற பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேலே இருக்கிற என் அப்பா பிரம்பைத் தேடியிருப்பார்.

இந்திராணியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எனக்குப் பெருக்கத் தெரியாது. ஆனா எண்ணுனதும் அதே, நீ சொன்னதும் அதே. நல்ல கணக்கு" என்று சொல்லிவிட்டு, பவித்ராவைக் கூப்பிட்டுத் தன் கையாலேயே பூ வைத்தார். குருசாமி சுவரை விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம் பாதி, மானம் போனது பாதி. சமையல்கட்டுக்குப் போய் வெங்காயக் கூடை பக்கத்தில் நின்றுகொண்டேன், அங்கே யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

திரும்பி வரும்போது வேனில் துளசிராம் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒத்தக்கடை தாண்டிய பிறகு இடது கண்ணை மூடினார்.

"பதினொண்ணு முப்பத்தஞ்சு எம்புட்டு?"

"முன்னூத்தி எண்பத்தஞ்சுண்ணே."

"வேற வழியா வா."

"தட்டுல முன்னூத்தி எண்பத்தி ஒண்ணு, சம்பந்தி வயித்துல நாலு. முன்னூத்தி எண்பத்தஞ்சு."

கண்ணைத் திறந்தார். என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் யாரையும் தட்டிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அவ்வளவு மெதுவாகத் தட்டியதால் கொசுவோ என்று முதலில் நினைத்தேன்.

பட்டப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் மேலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், பூக்கடைக்காரர் "வாங்க முன்னூத்தி எண்பத்தொண்ணு" என்றுதான் வரவேற்கிறார். உண்மையைச் சொல்ல எத்தனையோ தடவை வாய் வரை வந்திருக்கிறது. சௌந்தரத்தின் மீசை ஞாபகம் வந்து விழுங்கிவிடுவேன். இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் ஒரு போன் வந்தது.

"கணக்கு போடுற சேவியருங்களா? இந்திராணி பேசுறேன், மேலூர்லருந்து. எங்க பவித்ராவோட சின்னப் புள்ளைக்குக் காது குத்து வச்சிருக்கோம். நீங்க வேலையை விட்டுட்டீங்கன்னு ஹேமா சொல்லுச்சு. அதெல்லாம் முடியாது. நீங்க வந்துதான் லட்டு அடுக்கணும். உங்க கணக்கு ராசியான கணக்கு. அன்னைக்கு ஒண்ணுல முடிஞ்சுச்சு, இன்னைக்கு வரைக்கும் அதுக ரெண்டும் நல்லா இருக்குதுக."

எனக்கு முழங்கால் வலி கூட மறந்துவிட்டது. "வாரேம்மா. எத்தனை தட்டு?"

"அதே பதினோரு தட்டு, அதே முப்பத்தஞ்சு. மொத்தம் முன்னூத்தி எண்பத்தி ஒண்ணு. எனக்கு மனப்பாடமே ஆகிப்போச்சு. பவித்ராவோட மூத்த மகளுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்."

அந்தக் குழந்தையின் கணக்கு டீச்சரை நினைத்து மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். "சரிம்மா" என்றேன். அந்தப் பக்கம் போன் கை மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறொரு அம்மாள் பேசினார்.

"தம்பி, நான் தனம், மாப்பிள்ளையோட அம்மா. அந்த நாலு லட்டை மட்டும் கொஞ்சம் சின்னதாப் பிடிக்கச் சொல்லுங்க. அவருக்கு இப்ப சுகர் கூடிப்போச்சு."

"எந்த நாலும்மா?"

"நல்லாக் கேட்டீங்க. அன்னைக்கு அக்கா லட்டை எண்ணுச்சு. நான் அவரை எண்ணிக்கிட்டிருந்தேன்."